உங்களுக்குத் தெரியுமா? – குட்டினால் புத்தி வருமா?

● குரங்கின் நாக்கில் எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால், அதன் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் படபடவென்று துடிக்கும். விளக்கு எரிந்த சற்று நேரத்தில் சாறு வரும் என்று பழக்கிவிட்டால், துடிப்பு விளக்குக்கு மாறிவிடும். சாறு வரும்போது அதே செல்கள் கண்டுகொள்ளாது. விளக்கை எரியவிட்டுச் சாற்றைக் கொடுக்காமல் ஏமாற்றினால்? சாறு வந்திருக்க வேண்டிய அந்த நொடியில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். அதாவது, இந்தச் செல்களுக்கு ருசி முக்கியமில்லை. நினைத்ததற்கும் நடந்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதே கணக்கு. மூளை பாடம் படிப்பதும் அந்த வித்தியாசத்தில் இருந்துதான். இதைக் கண்டறிந்த வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், கணித விளக்கம் தந்தவர்களில் ஒருவரான பீட்டர் தயான், இவர்களுடன் ரே டோலன் ஆகிய மூவருக்கும் 2017-ல் டென்மார்க்கின் ‘பிரெயின் பரிசு’ கிடைத்தது.

● சாறு வருமா வராதா என்பது சரிபாதி வாய்ப்பாக இருந்தால், காத்திருக்கும் நேரம் முழுக்க அந்தச் செல்களில் பல மெல்ல மெல்ல வேகம் கூட்டிக்கொண்டே போகும் என்று 2003-ல் ஷுல்ட்ஸ் குழு கண்டது. உறுதியாக வரும், உறுதியாக வராது என்ற இரண்டிலும் இந்தப் பரபரப்பு இல்லை. சூதாட்ட விடுதி நடத்துபவர்களுக்கு இது ஆராய்ச்சி இல்லாமலே தெரியும்.

● லண்டனில் 45 பேரைக் கணினி முன் உட்கார வைத்தார்கள். திரையில் தெரியும் பாறைக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். இருந்தால் கையில் சுரீரென்று ஒரு மின்அதிர்ச்சி. வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்து பார்த்தால், அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்த பதற்றத்தைவிட, பாதிக்குப் பாதி என்ற நிலையில் பதற்றம் அதிகம். தேர்வு முடிவுக்கு முந்தைய இரவைக் கடந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஆனால், 2016-ல் வெளியான இந்த ஆய்வில் இன்னொரு சேதியும் உண்டு: நிச்சயமின்மைக்கு ஏற்றபடி யாருக்குப் பதற்றம் ஏறி இறங்கியதோ, அவர்களே பாம்பை மற்றவர்களைவிடச் சரியாக ஊகித்தார்கள். பதற்றம் வெறும் தொந்தரவு என்று ஒதுக்கிவிட முடியாது.

● ‘பந்தயம் கட்டுறேன்!’ என்று அடித்துச் சொன்ன விடை தப்பாகிப் போனால், சரியான விடை நன்றாக மனத்தில் பதியும். அரைகுறை நம்பிக்கையோடு சொன்ன தப்பு அவ்வளவு எளிதில் திருந்தாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001-ல் காட்டியது இது. ‘எனக்கா தெரியாது?’ என்ற திடுக்கிடல் கவனத்தைக் கூர்மையாக்குகிறது.

● பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மூளையில் டோபமின் குறைவு. அதை ஈடுகட்டும் மாத்திரையைப் போடாத வேளையில் அவர்கள் ‘தப்பு’ என்ற பதிலில் இருந்து அதிகம் கற்றார்கள். போட்டபின் ‘சரி’ என்ற பதிலில் இருந்து. ஆள் அதே ஆள்தான். அமெரிக்காவில் மைக்கேல் ஃபிராங்க் குழுவினர் 2004-ல் இதை வெளியிட்டனர்.

● குறைநிறைகளை எடுத்துச் சொன்னால் ஆள் தேறிவிடுவார் என்பது பொது நம்பிக்கை. க்ளுகர், டெனிசி என்ற இருவர் பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி 1996-ல் கணக்குப் போட்டார்கள். சராசரியாகப் பலன் உண்டுதான். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் சொன்னபிறகு செயல்திறன் இறங்கியிருந்தது! கவனம் வேலையை விட்டுவிட்டு ‘என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்’ என்பதற்குத் தாவினால் அப்படி ஆகும் என்பது அவர்கள் தரும் விளக்கம்.

● இஸ்ரேலில் ரூத் பட்லர் பள்ளிப் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், இன்னொன்றுக்கு எழுத்துக் குறிப்பு மட்டும், மூன்றாவதற்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கே ஆர்வமும் திறனும் வளர்ந்தன. இரண்டும் பெற்றவர்களுக்குக் குறிப்பால் பயனில்லை. மதிப்பெண் அதை விழுங்கிவிட்டது. 1988-ல் வந்த முடிவு இது. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களே, அடுத்த வகுப்புத் தேர்வில் குறிப்பை முதலில் கொடுத்துவிட்டு, மதிப்பெண்ணை இரண்டு நாள் கழித்துச் சொல்லிப் பாருங்களேன்!