சைஸ் கேட்குமுன் அடியைத் திருப்பிப் பார்க்கும் கடைக்காரர்

திருச்சியில் நாற்பது ஆண்டுகளாகக் காலணி மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். பூட்ஸ், செருப்பு, கான்வாஸ் என்று நம் கைபடாத ரகம் இல்லை என்ற எண்ணம் நமக்கு உண்டு. கடந்த பிப்ரவரியில் நார்வே நாட்டின் தலைநகர் ஆஸ்லோவில் மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தபோது அந்த எண்ணம் ஒரு மாலைப் பொழுதில் அடிபட்டுப் போனது. அதைத்தான் இங்கு எழுதுகிறோம்.

பத்து வயதுப் பேத்திக்கு மறுநாள் பள்ளியில் பனிச்சறுக்கு தினம். வகுப்பு முழுவதையும் ஆசிரியர்கள் காட்டுக்கு அழைத்துப் போவார்கள். சறுக்குக் கட்டைகள் பக்கத்து வீட்டுப் பெண் பயன்படுத்தி விட்டுக் கொடுத்தவை, நல்ல நிலையில் இருந்தன. பூட்ஸ் மட்டும் இல்லை. மகளுக்கு வேலை இருந்ததால் நாம் பேத்தியோடு பழைய பொருள் விற்கும் கடைக்குப் போய் 35 சைஸில் ஒரு ஜோடி எடுத்தோம். 150 குரோனர். சோல் தேயவில்லை, தையல் விடவில்லை, உள்ளே பஞ்சு அமுங்கவில்லை. காலணி வியாபாரி எதைப் பார்ப்பாரோ அத்தனையும் பார்த்துத்தான் வாங்கினோம். வீட்டுக்கு வந்து கட்டையில் மாட்டினால் உட்காரவே இல்லை. குழந்தை அழத் தொடங்கி விட்டாள்.

நாம் தவறவிட்டது என்ன என்பதை விளக்க, இந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலைச்சரிவில் வழுக்கி இறங்குவது ஒரு வகை. அதில் பாதம் முழுவதும் கட்டையோடு பூட்டப்பட்டிருக்கும். சமவெளியிலும் காட்டுப் பாதையிலும் நடந்தும் சறுக்கியும் போவது இன்னொரு வகை, கிராஸ் கண்ட்ரி. நார்வேக்காரர்களுக்கு இது நமக்கு சைக்கிள் போல. ஆஸ்லோ மெட்ரோ ரயிலிலேயே கட்டைகளோடு ஏறி, மேலே காட்டோரம் இறங்கிப் போகிறார்கள். இதில் பூட்ஸின் முன்நுனி மட்டுமே கட்டையில் பிடிபடும், குதிகால் எழும்பி இறங்கும். அந்தப் பிடிப்புக் கருவிக்குப் பைண்டிங் என்று பெயர். நுனியில் இருக்கும் அந்த ஒரு இணைப்பில்தான் ஆளின் எடை, உந்துதல், திருப்பம் அனைத்தும் இருக்கின்றன. பூட்ஸும் பைண்டிங்கும் ஒரே முறையைச் சேர்ந்தவையாக இல்லாவிட்டால், எவ்வளவு உயர்ந்த சரக்கானாலும் இரண்டும் உதவாது.

மகள் வேலையிலிருந்து வந்ததும் மூவரும் பூட்ஸையும் கட்டைகளையும் தூக்கிக்கொண்டு தெருமுனை விளையாட்டுச் சாமான் கடைக்கு ஓடினோம். கடை மூட அரை மணிதான் இருந்தது. கடைக்காரருக்கு நம் வயதிருக்கும். என்ன சைஸ், என்ன விலையில் வேண்டும் என்று அவர் எதுவும் கேட்கவில்லை. பூட்ஸை வாங்கி அடியைத் திருப்பிப் பார்த்தார், பிறகு கட்டையைப் பார்த்தார். "இது எஸ்.என்.எஸ்., அது என்.என்.என்." என்றார். முழுதாக ஐந்து விநாடிகூட ஆகவில்லை.

அவர் கண்டது இதுதான். நாம் வாங்கிய பூட்ஸின் நுனியில் ஒரு இரும்புக் கம்பி, அதற்குப் பின்னால் அடியின் நடுவே அகலமாக ஒரு பள்ளம். பைண்டிங்கிலோ நீளவாட்டில் இரண்டு மேடுகள். ஒற்றைப் பள்ளத்தில் இரட்டை மேடு எப்படி உட்காரும்? கால் பக்கவாட்டில் நழுவாமல் கட்டையைத் திருப்புவதற்காகவே அந்த மேடும் பள்ளமும். இரட்டைப் பள்ளம் என்.என்.என்., ஒற்றைப் பள்ளம் எஸ்.என்.எஸ். கூட்டிப் படிக்கத் தெரிந்த சிறுவனும் கண்டுபிடித்து விடலாம், அடியைத் திருப்பிப் பார்த்தால்!

மகள் மொழிபெயர்க்க, அவர் கொஞ்சம் பழைய கதையும் சொன்னார். 1927இல் நார்வேக்காரரான பிரோர் வித் என்பவர் பூட்ஸ் நுனியைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பைண்டிங்கைச் செய்தார். அதற்கு வைத்த பெயர் ரொட்டஃபெல்லா. நார்வே மொழியில் எலிப்பொறி என்று பொருள். அந்தப் பெயரிலேயே கம்பெனி இன்றும் நடக்கிறது. அதன் வழிவந்த முறையில் பூட்ஸின் நுனி வாத்து அலகு போல நீண்டிருக்கும், அடியில் மூன்று துளை. பைண்டிங்கின் மூன்று முளைகள் அவற்றில் ஏறும், மேலே ஒரு வளையக் கம்பி அழுத்தும். அகலம் 75 மில்லிமீட்டர் என்று ஒரு அளவு நிலைத்ததால், ஒரு கம்பெனியின் பூட்ஸை இன்னொரு கம்பெனியின் பைண்டிங்கில் தயங்காமல் விற்கலாம். கடைக்காரருக்கு அது பொற்காலம்.

1980களில் அந்தக் காலம் போயிற்று. பிரான்சின் சாலமன் கம்பெனி எஸ்.என்.எஸ். முறையைக் கொண்டுவந்தது, ரொட்டஃபெல்லா என்.என்.என். முறையைக் கொண்டுவந்தது. இரண்டும் பழைய வாத்து அலகைவிட இலேசு, பிடிப்பும் நன்று. ஆனால் ஒன்றுக்கொன்று சேராது. அது போதாதென்று சாலமன் தன் முறைக்குள்ளேயே பைலட் என்று அடியில் இரண்டு கம்பி வைத்த இன்னொரு வகையையும் விட்டது. ஒற்றைக் கம்பி பூட்ஸ் அந்தப் பைண்டிங்கில் நிற்காது.

வியாபாரியின் கண்ணால் இதைப் பாருங்கள். பெரியவர்களுக்கு 36 முதல் 47 வரை 12 சைஸ். நேர்ப்பாதையில் போவதற்கு வளையும் பூட்ஸ் ஒன்று, ஸ்கேட்டிங் பாணியில் பக்கவாட்டில் உந்துவதற்குக் கணுக்காலைப் பிடிக்கும் விறைப்பான பூட்ஸ் ஒன்று. சைஸுக்கு ஒரே ஜோடி வைத்தாலும் 24 ஜோடி. இரண்டு முறைக்கும் வைத்தால் 48. முதல் இரட்டிப்பு, விற்பனை அதேதான். ஒரு முறையை மட்டும் வைத்தால் வந்த வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினரை எதிர்க்கடைக்கு அனுப்ப வேண்டும். இந்தத் தராசில்தான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊர்க் கடைக்காரர்கள் நின்றிருக்கிறார்கள்.

சாலமன் கம்பெனியே பிறகு இறங்கி வந்தது. 2010களின் நடுவில் அது கொண்டுவந்த புரோலிங்க் முறையில், பூட்ஸின் அடி என்.என்.என். பைண்டிங்கில் உட்காரும். அடுத்து ஃபிஷர், ரோசிஞோல் கம்பெனிகளின் டர்னாமிக் வந்தது. அதுவும் அதே அடிதான். ஆகப் பெயர் மூன்று, அடி ஒன்று. புதிதாக இரண்டையும் வாங்குகிறவருக்கு இன்று பெரும்பாலும் தொல்லை இல்லை. கட்டையின் மேல் பைண்டிங் பொருந்தும் தட்டு மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதைக் கடைக்காரர் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

தொல்லை எல்லாம் பழைய சரக்கில்தான். ஆண்டுக்குப் பத்து நாள் போடும் பூட்ஸ் எப்போது தேயும்? இருபது ஆண்டுக்கு முந்திய ஜோடிகள் பரணிலிருந்து இறங்கி, பழைய பொருள் கடைக்கு வந்து, நம்மைப் போன்றவர் கையில் சிக்குகின்றன. ஆழ்பனிக் காட்டுக்கென்று என்.என்.என். பி.சி. என்று ஒரு வகையும் இருக்கிறது. பெயரில் உறவு இருந்தாலும் கம்பி தடித்தது, சாதாரண என்.என்.என். அதில் சேராது. பெயரை மட்டும் நம்பி வாங்குபவர் அங்கே ஏமாறுவார்.

இனி நம் வழக்குக்கு வருவோம். பூட்ஸுக்கு ஏற்ற பைண்டிங்கைக் கட்டையில் மாற்றிவிடலாமா என்று கேட்டோம். கடைக்காரரின் பட்டறை உள்ளேயே இருந்தது, கூலியும் கிடைக்கும். அவர் மறுத்துவிட்டார். திருகாணித் துளைகள் இரண்டு முறைக்கும் வேறு இடத்தில் வரும். பழைய துளைகளை அடைத்துப் பசையிட்டு, கட்டையின் சமநிலைப் புள்ளியை அளந்து புதிதாகத் துளையிட வேண்டும். பசை காய வேண்டும், காலைக்குள் முடியாது. முடிந்தாலும், இனிக் கிடைப்பது அருகிவரும் முறைக்காக நல்ல கட்டையில் துளை போடுவானேன் என்றார்.

புது பூட்ஸ் கொடுங்கள் என்றோம். அலமாரியில் 35 சைஸில் என்.என்.என். இருந்தது, நம் கண்ணுக்கே தெரிந்தது. அதையும் அவர் எடுக்கவில்லை. வாடகை அலமாரியிலிருந்து ஒரு ஜோடியைப் பேத்தியின் காலில் மாட்டி, கட்டையில் அழுத்தினார். "டக்" என்று ஒரு சத்தம். குதிகாலைத் தூக்கச் சொன்னார், பக்கவாட்டில் அசைக்கச் சொன்னார், பிறகுதான் திருப்தியானார். ஒரு நாள் வாடகை மட்டும் வாங்கிக்கொண்டார். "அடுத்த குளிர்காலத்தில் இவளுக்கு 37 வேண்டியிருக்கும், இப்போது வாங்காதீர்கள்" என்றவர், குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான்களை இலவசமாக இரவல் தரும் பூவா என்ற அமைப்பின் கிளை பக்கத்தில் எங்கே இருக்கிறது என்றும் மகளுக்கு எழுதிக் கொடுத்தார். வந்த பார்ட்டியைத் தானே இலவசத்துக்கு அனுப்புகிறாரே என்று நாம் வாய் பிளந்தோம். மகள் சொன்னாள்: "அப்பா, இந்தத் தெருவில் எல்லாரும் பெரியவர்களுக்கு வாங்க இவரிடம்தான் வருகிறார்கள்."

பேத்தி மறுநாள் மூக்கு சிவக்க, தொப்பி நிறையப் பனியோடு வீடு திரும்பினாள். இரண்டு முறைதான் விழுந்தாளாம், அதுவும் தோழி மோதியதால்.

நாம் வாங்கிய எஸ்.என்.எஸ். பூட்ஸை அன்று அவர் கடையிலேயே விட்டு வந்தோம். மலையில் பழைய விடுதி வீடு வைத்திருப்பவர்களின் பிள்ளைகளுக்குப் பழைய கட்டைகள் இருக்கும், யாராவது கேட்டு வருவார்கள் என்று சொல்லி, அடியில் எஸ்.என்.எஸ். என்று எழுதிய சீட்டு ஒட்டி ஓரத்தில் வைத்திருந்தார். ஊருக்குக் கிளம்பும் வாரம் அந்த வழியாகப் போனபோது உள்ளிருந்து கை தட்டிக் கூப்பிட்டு 200 குரோனர் கொடுத்தார். கமிஷன் எடுத்துக்கொள்ளச் சொன்னோம். 50 குரோனர் மட்டும் திரும்ப வாங்கிக் கல்லாவில் போட்டார்.