மூலக்கூறும் சமுதாயமும்: இதய நோய் ஆராய்ச்சி பற்றிய சில குறிப்புகள்

முடியுரு நாடி நோய் பற்றிய பொதுப் பேச்சில் இருவகைக் கருத்துக்கள் மேலோங்கி நிற்பதைக் காண்கிறோம். ஒன்று, அது பரம்பரை விதி என்பது; மற்றையது, அவரவர் வாய்க்கட்டுப்பாடின்மையின் பலன் என்பது. இரண்டும் மனிதனைத் தனியனாகவே காண்பவை. இவற்றுக்கு மாறாக நோயின் சமூக வேர்களை வற்புறுத்தும் முற்போக்குச் சிந்தனையாளரிடையேயோ, மூலக்கூற்று உயிரியலை ஐயுறவுடன் நோக்கும் மனப்பாங்கு ஒன்று உண்டு. மனிதனை மூலக்கூறுகளின் திரளாகக் குறுக்கிவிடும் முதலாளித்துவ விஞ்ஞானம் என அதனை ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு ஒதுக்கியதன் விளைவை வரலாறு ஒருமுறை காட்டியிருக்கிறது. 1948 ஆகஸ்டில் மொஸ்கோவிலே லைசென்கோவின் கொள்கை அதிகார முத்திரை பெற்றதன் பின் சோவியத் மரபியல் பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்தது. பொருள்முதல்வாதம் பேசியோர் பொருளை ஆராய மறுத்த அவலம் அது. இலக்கிய மாணவராகிய நாம் இத்துறையிற் கால்வைப்பதற்கு இதுவே காரணம். மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்ரீன் என்னும் இரு விஞ்ஞானிகள் அமெரிக்காவின் டலஸ் நகரிலே, ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நிலையத்தில் மேற்கொண்ட ஆராய்ச்சியை ஈண்டு சற்று விரிவாக நோக்குவோம்.

இவர்களை ஈர்த்தது ஓர் அரிய நோய். குடும்பவழி மிகைக்கொலஸ்திரோல் நோய் என அதனைக் கூறலாம். பழுதுற்ற பரம்பரையலகைப் பெற்றோருள் ஒருவரிடமிருந்து மாத்திரம் பெற்றவர்கள் நடுவயதளவில் மாரடைப்புக்கு ஆளாகின்றனர். இருவரிடமிருந்தும் பெறுவோர் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒருவரே. அக்குழந்தைகளின் குருதியிற் கொலஸ்திரோல் பன்மடங்கு மிகுந்திருக்க, சிறுவயதிலேயே மாரடைப்பு நேர்கிறது. புகைபிடித்தலோ, அலுவலக நெருக்கடியோ, ஆடம்பர உணவோ இக்குழந்தைகளின் வாழ்விற் காரணமாக இருந்திருக்க முடியாது. ஏனைய காரணிகள் யாவும் விலகி நிற்க, நோயின் ஒரு கூறு மாத்திரம் தனித்துப் புலப்படும் நேர்வு இது.

பழுது எங்கே உள்ளது? 1970களின் தொடக்கத்தில் இருவரும் நோயாளரின் தோலிற் சிறு துணுக்கெடுத்து அதன் கலங்களைத் தட்டுக்களில் வளர்த்தனர். கலம் தனக்கு வேண்டிய கொலஸ்திரோலைத் தானே ஆக்கவும் வல்லது; குருதியிலிருந்து பெறவும் வல்லது. குருதியில் அது பெரும்பாலும் தாழ்அடர்த்தி இலிப்போபுரதம் எனப்படும் துணிக்கைகளிற் பொதிந்து செல்கிறது. சுகதேகிகளின் கலங்களுக்கு இத்துணிக்கைகளை அளித்தபோது, கொலஸ்திரோல் ஆக்கத்தின் வேகத்தை நிர்ணயிக்கும் நொதியம் சில மணி நேரத்திலேயே தணிந்தது. வெளியிலிருந்து வரவு உண்டாயின் உள்ளே உற்பத்தி வேண்டியதில்லை அன்றோ. நோயாளரின் கலங்களிலோ அது தணியவில்லை; 40 முதல் 60 மடங்கு மிகையாகத் தொழிற்பட்டவண்ணம் இருந்தது.

நொதியமே பழுதுற்றது என்று இவ்விடத்தில் முடிவு கட்டியிருக்கலாம். பலரும் அவ்வாறே கட்டியிருப்பர். ஆயின் அவர்கள் இன்னொரு வினாவை எழுப்பினர். துணிக்கையைத் தவிர்த்து, அற்ககோலிற் கரைத்த கொலஸ்திரோலை நேரே கலங்களுக்கு அளித்தனர். அது கலமென்சவ்வைத் தானே ஊடுருவவல்லது. உடனே நோயாளரின் கலங்களிலும் நொதியம் அடங்கிற்று. ஆகவே நொதியத்திற் குறையில்லை; துணிக்கை உட்புகும் வாயிலிலேயே குறை. கதிர்த்தொழிற்பாட்டு அயடீனால் அடையாளமிட்ட துணிக்கைகளைக் கொண்டு இதனை நிறுவினர். சுகதேகிகளின் கலங்களில் அவை பற்றிக்கொண்டன. நோயாளரின் கலங்களிற் பற்றவில்லை. துணிக்கையைப் பற்றி உள்ளே எடுக்கும் வாங்கி ஒன்று கலத்தின் மேற்பரப்பில் உண்டு என்பது 1974 அளவில் இவ்வாறு தெளிவாயிற்று. 1985இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வாங்கி என்பது 839 அமினோவமிலங்களாலான ஒரு புரதம். துணிக்கையைப் பற்றியதும் அது மேற்பரப்பிலுள்ள சிறு குழிகளிற் சென்று திரண்டு உள்ளிழுக்கப்படுகிறது. சுமையை இறக்கியபின் ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேற்பரப்புக்கு மீள்கிறது. ஒரு நோயாளியின் வாங்கிகள் துணிக்கையைச் செவ்வனே பற்றின. ஆயினும் குழிகளிற் திரளவில்லை. 807ஆம் இடத்தில் ரைரோசீனுக்குப் பதிலாகச் சிஸ்ரெயீன் அமைந்திருந்ததே காரணம். ஏடு பெயர்த்தெழுதுவோனின் ஓரெழுத்துப் பிழை ஒரு பாட்டின் பொருளையே திரித்துவிடுவதை அறிந்த பதிப்பாசிரியர்களுக்கு இது வியப்பளிக்காது.

இவ்வாராய்ச்சி பரம்பரை விதிவாதத்துக்கு வலுவூட்டுவதாகச் சிலர் கருதக்கூடும். எமது கருத்து அதற்கு மாறானது. வாங்கிகளின் தொகை நிலையானதன்று. கலத்துக்குக் கொலஸ்திரோல் போதுமாயின் வாங்கிகள் குறைகின்றன, பற்றாதபோது பெருகுகின்றன. குருதியைத் துப்புரவு செய்யும் பெரும்பணி ஈரலுக்குரியது. 1984இல் இந்நோயுற்ற ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதயத்தோடு ஈரலும் மாற்றப்பட்டபோது, புதிய ஈரலின் வாங்கிகளால் அவளது கொலஸ்திரோல் பெருமளவு வீழ்ந்தது. நிரம்பிய கொழுப்பு மிகுந்த உணவை நெடுங்காலம் உண்போரிடத்திலோ, பழுதற்ற பரம்பரையலகு இருந்தும் ஈரலின் வாங்கிகள் குறைகின்றன. பரம்பரையலகு தொழிற்படும் அளவு வாழ்நிலையோடு பிணைந்தது என்பதையே இது காட்டுகிறது. எந்த உணவு மலிவாகக் கிடைக்கிறது, எது விளம்பரப்படுத்தப்படுகிறது என்பன கலத்துக்கு வெளியே தீர்மானிக்கப்படுபவை.

பரம்பரையலகின் பரவலும் வரலாற்றுக்குப் புறம்பானதன்று. இந்நோய் தென்னாபிரிக்காவின் ஆபிரிக்கானர் மத்தியில் உலகச் சராசரியிலும் பன்மடங்கு அதிகம். 17ஆம் நூற்றாண்டிற் குடியேற்றவாதிகளாக வந்த சிறு தொகையினருட் சிலர் கொணர்ந்த விகாரங்கள், அக்குழுவினர் தம்முள்ளேயே மணஞ்செய்து பெருகியதால் நிலைபெற்றன.

மருந்தின் கதை ஜப்பானிலே தொடங்குகிறது. அகிரா எண்டோ என்பார் சாங்கியோ நிறுவனத்தில் ஏறத்தாழ 6,000 பங்கசுக்களைச் சோதித்து, மேற்கூறிய நொதியத்தைத் தடுக்கும் பொருளொன்றை 1973இற் கண்டறிந்தார். அது கியோத்தோ நகரத் தானியக் கடையொன்றின் அரிசியிற் கிடைத்த நீலப் பூஞ்சணத்திலிருந்து பெறப்பட்டது. நொதியம் தடைப்படவே ஈரற்கலம் மேலும் வாங்கிகளை ஆக்கிக் குருதியிலிருந்து கொலஸ்திரோலை இழுத்துக்கொள்ளும் என்பதை டலஸ் ஆராய்ச்சி விளக்கிற்று. இவ்வினத்தின் முதல் மருந்து 1987இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதனை விற்றது வேறொரு நிறுவனம். ஸ்கந்திநேவிய நாடுகளின் 4,444 நோயாளரிடையே நடந்த ஆய்வு, இத்தகைய மருந்தொன்றினால் இறப்பு 30 சதவீதம் குறைந்ததை 1994இற் காட்டிற்று.

அடுத்த கட்டம் எமது கவனத்துக்கு இன்னும் உரியது. வாங்கிகளை அழிவுக்கு அனுப்பும் பி.சி.எஸ்.கே.9 என்னும் புரதத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 2003இல் வெளியாயிற்று. அப்புரதத்தின் பரம்பரையலகு செயலிழந்த கறுப்பின அமெரிக்கரிடையே இதய நோய் 88 சதவீதம் குறைவாக இருந்ததை 2006இற் கோஹென், ஹொப்ஸ் முதலியோர் அறிவித்தனர். அம்மக்கள் தம் குருதியையும் உடற்றரவுகளையும் ஆய்வுக்கு அளித்தவர்கள். அவ்வறிவிலிருந்து பிறந்த ஊசிமருந்துகள் 2015இல் அமெரிக்காவில் ஆண்டொன்றுக்கு 14,000 டொலருக்கு மேற்பட்ட விலையில் வெளிவந்தன; வாங்குவோர் குறைந்தமையால் 2018இல் விலை குறைக்கப்பட்டது. பொது நிதியால் வளர்ந்த அறிவு தனியார் இலாபமாக மாறும் வழி இதுவே. மருந்துகளை வணிகப் பெயராலன்றிப் பொதுப் பெயரால் வாங்கவேண்டும் என 1970களில் எம் நாட்டில் வாதாடிய சேனக்க பிபிலே இன்றும் நினைக்கப்படுவது தற்செயலன்று.

எனினும் விலை குறைந்தால் வினா தீர்ந்துவிடுமா? 1967இல் இலண்டனிலே அரசாங்க ஊழியரான ஆடவரிடையே ஓர் ஆய்வு தொடங்கிற்று. மைக்கேல் மார்மற் குழுவினர் 1978இல் வெளியிட்ட முடிவின்படி, உயர் நிருவாகிகளைவிடக் கடைநிலை ஏவலாளரிடையே முடியுரு நாடி நோயால் நேர்ந்த இறப்பு 3.6 மடங்கு. புகைபிடித்தல், குருதியமுக்கம், கொலஸ்திரோல் ஆகியவற்றைக் கணக்கிற் கொண்ட பின்னரும் அவ்வேறுபாட்டின் பெரும்பகுதி எஞ்சியே நின்றது. வாங்கி பற்றிய அறிவு இவ்வெச்சத்தை விளக்கப் போதாது. அதற்காக அவ்வறிவு பொய்யாகிவிடுவதுமில்லை. இதனை மேலும் ஆராய 1985இல் இரண்டாவது ஆய்வு தொடங்கப்பெற்றது. அதிற் பெண் ஊழியரும் சேர்க்கப்பட்டனர். அன்றாட வேலையில் ஊழியருக்குத் தாமே தீர்மானிக்கும் உரிமை எவ்வளவு உண்டு என்பதும் அதில் வினவப்பட்டது. அவ்வுரிமை குறைந்தவர்களிடையே இதய நோய் மிகுந்திருந்தது.