ஒரு கிராமைத் தாங்காத ஊசி

பழைய புல்லட் எங்கே நிற்கும் என்பதைத் தரையே சொல்லிவிடும். அங்கே எஞ்சின் ஆயில் கறை ஒன்று இருக்கும். புல்லட்காரர்கள் அதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. பெட்ரோல் ஒழுக்கு அப்படியல்ல. அது கறையாகத் தங்காது, விடிவதற்குள் ஆவியாகி வாசனை மட்டும் மிஞ்சும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத் தவழ்ந்து போகும். மாடிப்படிக்கு அடியில் வண்டியும், பக்கத்து அறையில் விளக்கோ அடுப்போ இருக்கும் வீடுகளில் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

ஒழுக்கை முதலில் தேட வேண்டிய இடம் கார்புரேட்டர். 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டபோது, புல்லட்டின் தாய்வீடு இங்கிலாந்தின் ரெட்டிச். அந்த ஆரம்பகால வண்டிகளில் இருந்தது அமால் கார்புரேட்டர். மூன்று கம்பெனிகள் 1927-ல் ஒன்றுசேர்ந்தபோது பிறந்த பெயர் அது. பிற்கால 350 சிசி புல்லட்டில் 'மிக்கார்ப் விஎம்24' வந்து நீண்ட காலம் நிலைத்தது. 2020-ல் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் அந்த இடத்தை ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பிடித்துக்கொண்டது. ஆக, கார்புரேட்டர் புல்லட் எதுவாக இருந்தாலும் இன்று அது பழைய வண்டிதான்.

கார்புரேட்டரின் அடியில் இருக்கும் கிண்ணத்தில் எப்போதும் ஒரே மட்டத்தில் பெட்ரோல் நிற்க வேண்டும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை அடைக்கிறதே, அதே ஏற்பாடுதான் இங்கும். பெட்ரோல் ஏறினால் ஃபுளோட் மேலே எழும்பி, கூம்பு முனையுள்ள ஊசியை அதன் சீட்டில் அழுத்தும். வரத்து நிற்கும்.

அந்த ஊசி எவ்வளவு பாரத்தைத் தடுக்கிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டேங்கில் பெட்ரோல் மட்டம் ஊசிக்கு 30 செ.மீ. மேலே இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கன செ.மீ. பெட்ரோலின் எடை சுமார் 0.74 கிராம். ஆகவே ஒரு சதுர செ.மீ. பரப்பில் அழுத்தும் எடை சுமார் 22 கிராம். சீட்டின் துளை 2.5 மி.மீ. விட்டம் என்றால், ஊசியின் மேல் விழுவது ஏறத்தாழ ஒரே ஒரு கிராம். இதைக்கூடத் தாங்காமல் ஒழுகுகிறது என்றால் அழுத்தத்தைக் குறை சொல்ல முடியாது. ஊசி சீட்டில் சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான்.

உட்காரவிடாமல் தடுப்பது பெரும்பாலும் டேங்கிலிருந்து வரும் துருத்தூள். மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் கிண்ணத்தை இரண்டு தட்டுத் தட்டியதும் ஒழுக்கு நிற்பது இதனால்தான். அதிர்ச்சியில் தூள் நகர்ந்துவிடுகிறது. அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அடுத்த வாரமும் தட்ட வேண்டியிருக்கும். டேங்கையும் பெட்ரோல் டேப்பின் வலையையும் கழுவாமல் கார்புரேட்டரை மட்டும் எத்தனை முறை கழற்றினாலும் பயனில்லை.

கழற்றும் முன், பெட்ரோல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஆறியபின் கார்புரேட்டரைத் துணியால் நன்றாகத் துடைத்து, டேப்பைத் திறந்து, ஸ்டார்ட் செய்யாமல் காத்திருந்தாலே தெரிந்துவிடும். ஓவர்ஃப்ளோ துளையில் சொட்டினால் ஊசி, சீட், ஃபுளோட் மூன்றில் ஒன்று. கிண்ணம் சேருமிடத்தில் கசிந்தால் பேக்கிங். டியூபின் முனை ஈரமானால் டியூபோ கிளிப்போ.

பித்தளை ஃபுளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் புகுந்திருப்பது கேட்கும். நுண்துளை எங்கே என்று தெரியாவிட்டால் அடுப்பிலிருந்து இறக்கி, தள்ளி எடுத்துவந்த வெந்நீரில் முக்கிப் பார்க்கலாம். உள்ளிருக்கும் காற்று விரிந்து குமிழியாக வெளிவரும். உள்ளே புகுந்த பெட்ரோலை முழுக்க வெளியேற்றாமல் சால்டரிங் வைப்பது ஆபத்து. ஈயத்தை அள்ளி வைத்தால் ஃபுளோட் கனத்துப்போய் மட்டமும் ஏறும். புது ஃபுளோட் கிடைக்குமானால் இந்த வைத்தியமே வேண்டாம்.

ஊசி முனையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், அதிர்வில் சீட்டோடு மோதி மோதி விழுந்த மெல்லிய வளையம் தெரியும். அதை உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்ய நினைப்பவர்கள் கூம்பின் வடிவத்தையே கெடுத்துவிடுகிறார்கள். சீட்டைக் கழற்ற முடியுமானால் ஊசியும் சீட்டும் ஜோடியாகவே மாற வேண்டும்.

கிண்ணத்தில் கசிந்தால் உடனே ஸ்க்ரூவை முறுக்குவதுதான் நம் வழக்கம். அமாலின் உடல் துத்தநாகக் கலவை. அதிகம் முறுக்கினால் சேருமிடம் வளைந்துவிடும். பிறகு எந்தப் பேக்கிங் போட்டாலும் நிற்காது. சமமான கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தால் வளைவு தெரியும். (டேங்கில் ஒழுகினால் சலவை சோப்பைத் தேய்ப்பது வழியில் மாட்டிக்கொண்டவர்களின் நல்ல உத்திதான். சோப்பு பெட்ரோலில் எளிதில் கரையாது. ஆனால் அது வீடு வந்து சேரும்வரைதான்.)

இப்போது எத்தனாலும் சேர்ந்துகொண்டது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் நாட்டில் அறிமுகமானது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓடாமல் நிற்கும் வண்டியில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கி உலோகத்தை அரிக்கும். பழைய ரக ரப்பர் உப்பும் அல்லது விறைத்து வெடிக்கும். வைட்டான் ரப்பர் முனை வைத்த ஊசியும் எத்தனாலைத் தாங்கும் டியூபும் கேட்டு வாங்குவது நல்லது.

ஒழுகும் பெட்ரோல் எல்லாம் தரைக்கு வருவதில்லை என்பதுதான் மோசமான செய்தி. ஓவர்ஃப்ளோ அடைத்திருந்தால் அது சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங் வழியாக ஆயிலில் கலக்கும். நீர்த்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது. ஒழுகிய வண்டியைக் கிக் அடிக்கும் முன் ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் முதலில் ஆயிலை மாற்றுங்கள். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் டேப்பை மூடுங்கள்: ஊசி இருப்பது மட்டத்தைக் காக்க, இரவு முழுக்க டேங்கை அடைத்து நிற்பது டேப்பின் வேலை.