நான்கு வேர்களின் மேல் ஒரு பல்வரிசை

அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்து வாசலில் காலைக் குளிரில் அமர்ந்திருக்கும் மூதாட்டி, ரொட்டியைச் சிறு துண்டுகளாகப் பிய்த்துச் சாயத்தண்ணீரில் ஊறவைத்து, அது நன்றாகக் குழைந்த பின்பே வாயிலிடுகிறார். கொழுந்து பறித்த கைகளில் இன்னும் வலுவுண்டு. வாயிலோ ஒரு பல்லும் இல்லை. கட்டிக்கொண்ட பல்செட்டு, பேசும்போது நழுவி ஈறைப் புண்ணாக்குவதால், துணியில் சுற்றப்பட்டுத் தகரப்பெட்டியில் கிடக்கிறது.

அது நழுவும் காரணத்தை மலைநாட்டார் எளிதில் உணர்வர். பழைய தேயிலையை வேரோடு பிடுங்கிய சரிவில், மறுநடுகைக்கு முன் பெருமழை பிடித்தால் மண் கரைந்தோடிவிடும். தாடையெலும்பின் இயல்பும் ஏறக்குறைய அதுவே. மெல்லும்போது பல்லின் வேர்வழியே இறங்கும் அழுத்தமே எலும்பைப் பேணிவருகிறது. பல் போனபின் அத்தூண்டுதல் அற்று, எலும்பு வரவர க்ஷீணித்துத் தாழ்ந்துவிட, அன்றைய அளவுக்குச் செய்த செட்டு இன்று பொருந்துவதில்லை.

ஆகவே வேண்டியது புதிய பல் மட்டுமன்று, புதிய வேர். அதற்கு வழிகாட்டியது ஓர் எதிர்பாராத நிகழ்ச்சி. 1952-இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பெர்-இங்வார் பிரோனமார்க், முயலின் கால் எலும்பில் இரத்த ஓட்டத்தைக் காண்பதற்காகப் பொருத்திய டைட்டானியக் கருவியைக் கழற்ற முயன்றபோது, எலும்பு அதனோடு ஒன்றிப்போயிருக்கக் கண்டார். 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் கீழ்த்தாடையில் அவர் பதித்த டைட்டானிய வேர்கள், அம்மனிதரின் மரணம் வரை நாற்பதாண்டுகளுக்கு மேல் உழைத்தன.

பதிக்கும் முறையில் நுட்பம் மிகுதி. துளையிடும்போது எலும்பின் வெப்பம் ஒரு நிமிடம் 47 பாகை செல்சியஸில் நின்றாலே அது சேதமுறும் என்பதால், உப்புநீரைப் பாய்ச்சிக்கொண்டே, மெல்ல மெல்லத் துளையை அகலப்படுத்தித் திருகாணி போன்ற வேரை இறக்குவர். எலும்பு அதனைப் பற்றிக்கொள்ளச் சில மாதங்களாகும்.

ஒரு தாடைக்குரிய பற்கள் அனைத்துக்கும் தனித்தனி வேர் அவசியமில்லை. போர்த்துக்கல் நாட்டுப் பல்வைத்தியர் பாவ்லோ மாலோ வகுத்த முறையில் நான்கே போதும்: முன்னே இரண்டு நேராகவும், பின்னே இரண்டு சாய்வாகவும் நிற்கும். மேல்தாடையின் பின்புறத்தில் காற்றறையும், கீழ்த்தாடையில் நரம்பும் குறுக்கிடுவதால், அவற்றைத் தவிர்த்து, எஞ்சிய நல்லெலும்பில் நீளமான வேரை ஊன்ற அந்தச் சாய்வு உதவுகிறது. வேர்கள் உறுதியாக நின்றால், தற்காலிகப் பல்வரிசையை அன்றே பூட்டிவிடலாம். நிரந்தரமானது பின்னர் வரும்.

எனினும் இது எல்லார்க்கும் உகந்ததன்று. கட்டுக்கடங்காத நீரிழிவும் புகைபிடித்தலும் வேர் பிடிப்பதற்கு இடையூறு. தினமும் செவ்வையாகச் சுத்தம் செய்யாவிடில், செயற்கை வேரைச் சுற்றியும் எலும்பு அழியும். செலவோ, நாட்கூலியை எண்ணி வாழும் குடும்பத்துக்கு எட்டாதது. அத்தகையோர்க்குக் கீழ்த்தாடையில் இரண்டு வேர்களை மட்டும் ஊன்றி, கழற்றக்கூடிய செட்டை அவற்றில் மாட்டும் முறையும் உண்டு. நழுவும் செட்டுக்கு அதுவே பெரும் உபகாரம்.

பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை மலைநாட்டுக்கு அண்மையிலேயே இருந்தும், பல்வலி வந்தால் பிடுங்குவதொன்றே சிகிச்சை என்னும் எண்ணம் லயங்களில் இன்னும் நீங்கவில்லை. வெற்றிலையோடு புகையிலையை அடக்கும் வழக்கமோ ஈறைக் கெடுப்பதோடு வாய்ப்புற்றுக்கும் வழிகோலுகிறது. ஆதலால், பேத்தியின் ஆடும் பல்லைப் பிடுங்கச் சொல்லுமுன், அதைக் காக்க இயலுமா என்று வைத்தியரிடம் ஒருமுறை கேளுங்கள். ரொட்டியின் கருகிய ஓரத்தைக் கடித்துத் தின்னும் சுகம், அவளுக்காவது முதுமைவரை நிலைக்கட்டும்.