மலாக்காவில் ஒரு நண்பகல் உணவு



ஓர் இனத்தின் வரலாற்றை நூல்களிலே தேடுவது ஒரு வழி. அதன் அடுக்களையிலே தேடுவது மற்றொரு வழி. இன்று நாம் இரண்டாவது வழியிற் சென்று பார்ப்போம். செல்ல வேண்டிய இடம் மலேசியாவின் மலாக்கா நகரம்.

அந்நகரிலே ஒல்லாந்தர் காலத்தில் ஹீரன் தெரு என வழங்கிய வீதி ஒன்றுண்டு. அங்குள்ள பழைய இல்லம் ஒன்றினுள், இப்போது எளிய உணவுச்சாலையாக நடைபெறும் ஒன்றினுள், நண்பகலில் நுழைவதாகக் கொள்வோம். முகப்பு மிக ஒடுக்கமானது. வீடோ உள்ளே செல்லச் செல்ல நீள்கின்றது. அடுத்தடுத்த வீடுகளுக்கு இடைச்சுவர் ஒன்றே. ஆதலாற் பக்கங்களிற் சாளரம் வைக்க இயலாது. ஒளியும் காற்றும் எவ்வாறு வரும்? வீட்டின் நடுவே கூரையைத் திறந்துவிட்டு முற்றம் அமைத்தார்கள். சூடான காற்று அவ்வழியே மேலெழுந்து வெளியேறும். மழைநீர் உள்ளே இறங்கும். நம் நாற்சார் வீடுகளை அறிந்தவர்களுக்கு இவ்வமைப்புப் புதுமையன்று. இம்முற்றத்தைச் சுற்றியே இன்று உணவு மேசைகள் இடப்பட்டிருக்கின்றன.

இங்கே பரிமாறப்படுவது பெரனாக்கான் உணவு. மலாய் மொழியில் ‘அனாக்’ என்பது குழந்தை. ‘பெரனாக்கான்’ என்பது அம்மண்ணிற் பிறந்தோர் என்னும் கருத்தைத் தருவது. வணிகத்தின் பொருட்டு வந்து தங்கிய சீனர், உள்ளூர்ப் பெண்களை மணந்து வாழ்ந்த வழியிலே தோன்றிய குடும்பங்கள் இவை. ஆடவரைப் பாபா என்றும் பெண்டிரை நியோன்யா என்றும் அழைப்பர். முன்னோர் வழிபாடு சீனருடையது; வீட்டுப் பேச்சு மலாய்; பெண்களின் உடை சாரோங்கும் கெபாயாவும்.

இக்கலப்பை மேசையிலேயே காணலாம். ‘பொங்தே’ என்னும் கோழிக்கறியில், புளிக்கவைத்த சோயா அவரை விழுது சீனத்தின் பங்கு; பனைவகை மரத்தின் பதநீரிற் காய்ச்சிய கருப்பட்டி மலாய் நாட்டின் பங்கு. ஏனைய கறிகளுக்கு அடிப்படை ‘ரெம்பா’ என்னும் அரைப்பு. சின்ன வெங்காயம், மிளகாய், மஞ்சள், பேரரத்தை, எலுமிச்சம்புல் ஆகியவற்றோடு, கூனியிறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்த ‘பெலாச்சான்’ சேர்த்துக் கல்லில் அரைப்பர். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை அதனை வதக்குதல் வேண்டும். அவசரப்பட்டால் பச்சை வாடை போகாது. இனிப்புகளுக்கு மணமும் பச்சை நிறமும் தருவது, நம் கறிச்சட்டியிலும் இடம்பெறும் ரம்பையே.

இவற்றுள் வியப்புக்குரியது ‘புவா கெலுவாக்’ என்னும் கருங்கொட்டை. மரத்திலிருந்து பறித்தவுடன் அது நஞ்சு. மரவள்ளியில் உள்ளது போன்ற சயனைடு நஞ்சே அதிலும் உண்டு. எனவே கொட்டையை அவித்து, சாம்பலும் மண்ணும் இட்டு ஏறத்தாழ நாற்பது நாட்கள் புதைத்துவைப்பர். பின்னரும் சில நாட்கள் நீரை மாற்றி மாற்றி ஊறவைப்பர். நஞ்சு நீங்கி, உள்ளீடு கறுத்துக் குழைந்துவிடும். அதனைப் புளிக் குழம்பிற் கோழியோடு சமைப்பர். நாம் ஒரு கரண்டியில் உண்டு முடிக்கும் அவ்வுணவின் பின்னே, பெண்களின் பல வார உழைப்பு மறைந்திருக்கின்றது.

பெரனாக்கான் என்போர் சீன வழியினர் மட்டுமல்லர். மலாக்கா சுல்தான்களின் காலத்திலே தமிழ் வணிகர்களும் அங்கு சென்று இவ்வாறே மணவுறவு கொண்டனர். அவர்களின் வழியினர் மலாக்காச் செட்டிகள் எனப்படுவர். அவர்களுடைய வீட்டுமொழி மலாயாயிற்று. சைவ சமயம் மட்டும் மாறவில்லை. 1781ஆம் ஆண்டில் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் அதற்குச் சான்று. மொழி கைவிட்டுப் போன பின்பும் வழிபாடும் அடுக்களையும் ஓர் இனத்தின் நினைவைத் தாங்கக்கூடும் என்பதைத் தமிழராகிய நாம் இங்கே எண்ணிப் பார்த்தல் தகும்.

2008ஆம் ஆண்டில் மலாக்காவும் பினாங்கின் ஜோர்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. அதனாற் கட்டடங்களுக்குக் காப்புக் கிடைத்தது. ஆயினும் சுவரைச் சட்டத்தாற் காக்கலாம். கைப்பக்குவத்தைக் காப்பது எவ்வாறு? நியோன்யா சமையலில் அளவு என்பது ‘அகாக் அகாக்’, அதாவது கண்ணாலும் கையாலும் மதிப்பிடுவது. தாயின் அருகில் நின்ற மகளே அதனைக் கற்றாள். இந்நிலை மாறிவருவதைக் கண்டவர்கள் எழுத்தின் துணையை நாடினர். சிங்கப்பூரின் முதற் பிரதமர் லீ குவான் யூ அவர்களின் அன்னையார் 1974இல் நியோன்யா சமையல் நூலொன்றை வெளியிட்டமை குறிப்பிடத்தக்கது.

குடும்பம் வாழ்ந்த வீடு உணவுச்சாலையாவது இழப்பா, ஆக்கமா? இரண்டும் உண்டு. தாயும் மகளும் அருகருகே நின்ற அடுக்களை அங்கே இப்போது இல்லை. ஆனால் பூட்டிய வீட்டில் அம்மி ஒலிப்பதில்லை. அடுப்பு எரியும் வீட்டில், விலை கொடுத்து உண்ண வருபவருக்காகவேனும், ஒருவர் அரைக்கக் கற்றுக்கொள்கின்றார். நம் இல்லங்களிலும் அளவு எழுதப்படாத கறிகள் பல உண்டு. அவற்றை அறிந்த முதியோர் நம்மோடு இருக்கும்போதே, அருகில் நின்று கேட்டுக் குறித்துவைப்போமாக.