அத்தோ: அசலா, நகலா?

இடியாப்பத்துக்கு நாம் தேங்காய்ப்பால் ஊற்றுவோம். சென்னையில் நூடுல்ஸுக்குப் புளித்தண்ணி ஊற்றுகிறார்கள்! அதன் பெயர் அத்தோ. லீவுக்குப் போனப்ப பர்மா பஜார் பக்கம் ஒரு கடையில் சித்தப்பா வாங்கித் தந்தாங்க.

இது நிஜ பர்மா சாப்பாடுதானா? பார்ப்போம்.

பர்மிய மொழியில் அத்தோ என்றால் பிசைந்து கலந்தது. அவித்த நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணி எல்லாத்தையும் அடுப்பில் வதக்காமல் கையாலேயே பிசைகிறார்கள். இது பர்மா முறையேதான்.

கூடவே தரும் வாழைத்தண்டு சூப்தான் மாறிவிட்டது. அங்கே அதன் பெயர் மொஹிங்கா. அதில் வழக்கமாக மீன் உண்டு. நான் குடித்ததில் மீனே இல்லை!

ஏன் மாறியது? பர்மாவில் 1962-ல் இராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேறி வெறுங்கையோடு திரும்பினார்கள். அவர்கள் பிழைக்க 1969-ல் உருவானதே பர்மா பஜார். சொத்தைப் பறிக்கலாம், கைப்பக்குவத்தைப் பறிக்க முடியுமா? இங்கே கிடைத்ததை வைத்துச் செய்தார்கள்.

ஆகவே என் தீர்ப்பு: அத்தோ அசல்தான். அது பர்மாத் தமிழரின் அசல். நீங்களும் சாப்பிட்டால் கடைக்காரரிடம் அவங்க தாத்தா கதையையும் கேளுங்க!