ஒரே இடத்தில் இருமுறை வெட்டும் நொதி

குப்பம், பலமநேர் பக்கம் மல்பெரி பயிரிடுகிறவர்களுக்குப் பட்டுப்புழுவின் கடைசி நாட்கள் அத்துபடி. ஐந்தாம் பருவத்தில் இரவு பகல் பாராமல் இலை தின்ற புழு, ஒருநாள் தீனியை விட்டுவிடும். புழு பழுத்துவிட்டது என்று எடுத்து, கூடு கட்டும் தட்டான சந்திரிகையில் விடுவார்கள். இரண்டு மூன்று நாளில் கூடு தயார். சந்தையில் அதற்கு என்ன விலை கிடைக்கும் என்பதுதான் அதன்பிறகு வீட்டுப் பேச்சு.

கூட்டுக்குள்ளே நடப்பதை யாரும் பார்ப்பதில்லை. நூல் நூற்பதற்கு முன் புழுவின் எடையில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு அதன் பட்டுச் சுரப்பிதான். நூற்று முடித்ததும் அதற்கு வேலை இல்லை. கூட்டுப்புழுவாக மாறிய ஓரிரு நாட்களில் அந்தச் சுரப்பி சிதைந்து மறைகிறது. அதன் செல்கள் தங்கள் உட்பொருளைத் தாங்களே செரித்துக்கொள்வதும் இந்தச் சிதைவில் ஒரு பங்கு. இதைத் தன்னுண்ணல் என்கிறார்கள், ஆய்வகத்தில் ஆட்டோஃபேஜி. புழுவுக்கு மட்டும் உரியதல்ல இது. பட்டினி கிடக்கும் ஈஸ்ட்டில் இதைக் கண்டு, மரபணு மரபணுவாகப் பிரித்துக் காட்டிய யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது. குப்பத்தில் ரயிலேறினால் போய்ச் சேரும் பெங்களூருவில், ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் ரவி மஞ்சிதயாவின் குழு ஈஸ்ட்டை வைத்தும் இதை ஆராய்கிறது.

தன்னுண்ணல் நடக்க, செல்லுக்குள் கழிவைச் சுற்றி ஒரு சவ்வுப்பை உருவாக வேண்டும். அந்தச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும் புரதம், மனிதரில் எல்சி3. பிறக்கும்போது அதில் 125 அமினோ அமிலங்கள். கடைசி ஐந்து இடைஞ்சல். அவற்றை நறுக்கி, 120-ஆம் இடத்திலுள்ள கிளைசினை வெளியே நீட்டிவிடும் நொதிதான் ஏடிஜி4பி. நீண்ட கிளைசினில்தான் சவ்வின் கொழுப்பு வந்து இணைகிறது.

விந்தை இனிமேல்தான். வேலை முடிந்த எல்சி3-ஐச் சவ்விலிருந்து கழற்றுவதும் இதே நொதியே. அதே கிளைசினின் அதே ஓரத்தில் இரண்டாம் வெட்டு. முதல் வெட்டு இல்லாமல் பை தொடங்காது. இரண்டாவது அவசரப்பட்டு நடந்தால் பை நிலைக்காது. அதனால் ஏடிஜி4பி மிகுந்தாலும் தன்னுண்ணல் தடைபடும். இந்தத் துறையில் புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பேன்.

மனித ஏடிஜி4 நான்கு வகை. எல்சி3-இல் வலுவாக வேலை செய்வது பி. ஆய்வுக்கு அதை மனித உடலிலிருந்து எடுப்பதில்லை. அதன் மரபணுவை வளைய டிஎன்ஏ ஒன்றில் பொருத்தி ஈ-கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்துகிறார்கள். பாக்டீரியாவில் தன்னுண்ணலே கிடையாது. ஆகவே கிடைக்கும் நொதியோடு தன்னுண்ணல் சார்ந்த வேறு புரதம் எதுவும் கலந்து குழப்பாது. புரதத்தின் முனையில் ஆறு ஹிஸ்டிடின்களைச் சேர்த்துவிட்டால், நிக்கல் ஏற்றிய தூணில் அது மட்டும் பிடித்துக்கொள்ளும். கழுவி எடுத்து உறைய வைக்கலாம்.

அந்த நொதியின் துளியோடு, வால்பக்கம் வேறொரு புரதம் ஒட்டிய எல்சி3-ஐக் கலக்கிறார்கள். வெட்டினால், ஜெல்லில் ஒரு பட்டை இரண்டாகப் பிரியும். மருந்தாகக்கூடிய மூலக்கூறைச் சேர்த்தபின் பட்டை பிரியாமல் நின்றால் அது நொதியைத் தடுக்கிறது என்று பொருள். தன்னுண்ணலை நம்பிப் பிழைக்கும் சில புற்றுநோய் செல்களை அடக்க இப்படித்தான் தேடுகிறார்கள். 74-ஆம் இடத்துச் சிஸ்டீனை மாற்றிய நொதியும் ஆய்வகங்களில் உண்டு. அதனால் வெட்ட முடியாது. எல்சி3-ஐ இறுகப் பற்றிக்கொண்டு அதன் மற்ற வேலைகளையும் நிறுத்திவிடும்.

லீஜியோனெல்லா என்ற நுரையீரல் கிருமி இதைவிடத் தந்திரசாலி. ரேவ்இசட் என்ற தன் நொதியை நம் செல்லுக்குள் அனுப்பி, எல்சி3-ஐ ஓரிடம் முன்னதாக வெட்டுகிறது. கிளைசினும் சேர்ந்தே போய்விடுகிறது. அதன்பிறகு அந்த எல்சி3 எந்தச் சவ்விலும் ஒட்டாது.